பொங்கலுக்குக் காரில் ஊருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போகிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை, ஆம்னி பஸ்ஸில் நாலு பேருக்குக் கொடுக்கிற காசுக்குக் காரிலேயே போய் வந்துவிடலாம் என்று முடிவு செய்தவர்களிடமிருந்துதான் இந்த முறை கேள்விகள் அதிகம். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே பல வருடமாகப் பண்டிகை தவறாமல் ஓட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் நீளம். அதை மட்டுமாவது முழுசாகப் படித்துவிடுங்கள்.

மேடவாக்கம் வாசகி ஒருவர்: கணவருக்குப் போகி அன்றும் ஆபீஸ் உண்டு. வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பினால், விடிவதற்குள் திருநெல்வேலி பக்கத்தில் இருக்கிற எங்கள் கிராமத்துக்குப் போய்விடலாம், பானை வைக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும் என்கிறார். அத்தையும் "பானை பொங்கும்போது புள்ளைக இருக்கணும்" என்று தினமும் போனில் சொல்கிறார். எனக்கு ஓட்டத் தெரியாது. 4 வயதிலும் 9 வயதிலும் இரண்டு குழந்தைகள். பயமாக இருக்கிறது என்றால், கிளம்பும் முன்பே அபசகுனமாகப் பேசாதே என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் பயம் நியாயமான பயம், அதில் அபசகுனம் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள், இனி அவரிடம்தான் பேசப்போகிறேன்.

தம்பி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வீட்டிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல். சாதாரண நாளில் சாப்பாடு, டீ என்று நிறுத்திப் போனால் பத்து, பதினொரு மணி நேரம் ஆகும். போகி இரவு சாதாரண நாள் இல்லை, செங்கல்பட்டைத் தாண்டவே பதினொன்றரை ஆகிவிடலாம். விழுப்புரத்துக்கு ஒரு மணி, உளுந்தூர்பேட்டைக்கு ஒன்றரை, ரெண்டு. அதற்கு மேல் பெரம்பலூர் வழியாகத் திருச்சி வரைக்கும் ரோடு நேராக, இருட்டாக, கையும் காலும் செய்ய வேலையே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். அதில் நீங்கள் ஓட்டப்போகிற நேரம் ரெண்டிலிருந்து ஐந்து மணி வரை. நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்கே உடம்பு தூக்கம் கேட்கிற நேரம் அது. நீங்களோ காலை ஏழு மணிக்கு எழுந்து, நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உட்காருகிறீர்கள். பெரம்பலூர் வரும்போது விழித்து இருபது மணி நேரம் ஆகியிருக்கும். 17 மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் இருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் கவனத்தோடு ஒப்பிடக்கூடிய அளவுக்கு இறங்கிவிடும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கிற அளவு 0.03 சதவீதம்தான். குடித்துவிட்டுக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்ட நீங்கள் ஒருநாளும் சம்மதிக்கமாட்டீர்கள், இல்லையா?

தூக்கம் வந்தால் தெரியாதா, நிறுத்திக்கொள்ளமாட்டேனா என்று கேட்பீர்கள். தெரியாது. கண் திறந்திருக்கும்போதே மூளை மூன்று நான்கு நொடி அணைந்து எரியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறோம், நாலு நொடி என்றால் நூறு மீட்டருக்கு மேல் யாருமே ஓட்டாத கார். ஒரு தீபாவளிக்கு எனக்கே இது நடந்தது. சமயபுரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், விடியற்காலை, பின்சீட்டில் மனைவியும் மகளும் தூங்குகிறார்கள். ரோட்டோர வெள்ளைக் கோட்டின் மேல் டயர் ஏறி, தடதடவென்ற சத்தம் கேட்டபோதுதான் நான் ரோட்டையே பார்க்கவில்லை என்று புரிந்தது. ஐம்பது அடி முன்னால் விளக்கில்லாத லாரி ஒன்று ஓரமாக நின்றது. அன்றைக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தக் காலையில் அம்மா இலையில் வைத்ததை என்னால் விழுங்க முடியவில்லை. மனைவியிடம் அதைச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். நிஜமாகக் கொஞ்சம் உதவுவது ஒன்றுதான்: வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கிற இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் தூங்குவது. காபி வேலை செய்ய அரை மணி ஆகும், அதற்குள் தூக்கமும் கிடைத்துவிடும். இதுவும் அவசரத்துக்குத்தான், இதை நம்பி ராத்திரி முழுக்க ஓட்டத் திட்டம் போடாதீர்கள்.

அப்புறம் என்ன வழி? ஒரு நாள் லீவு கிடைத்தால் போகி அன்று காலையே கிளம்பிவிடுங்கள், ஆனால் நன்றாக விடிந்த பிறகு, ஏனென்றால் போகிப் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து சென்னையைச் சுற்றி எதிரே வருவது தெரியாது, விமானங்களே தாமதமாகிற நாள் அது. லீவு கிடைக்கவில்லையா, போகி இரவு ஒன்பது மணிக்குப் படுங்கள். நாலரைக்குக் கிளம்புங்கள். திருச்சியில் காலைச் சாப்பாடு, மதியம் மூன்றுக்குள் ஊர். பானை பொங்கி முடிந்திருக்கும். அடுத்த நாள் மாட்டுப் பொங்கல் முழுசாக உங்களுடையது, அதற்கு அடுத்த நாள் காணும் பொங்கலும்.

ஒரு முக்கியமான விஷயம். இதை உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மருமகளைச் சொல்லவிட்டால் அது வேறு பேச்சாகிவிடும். "அம்மா, பானைய நீங்க நேரத்துக்கு வச்சிருங்க, எங்களுக்காகக் காக்க வேண்டாம், நான் தூங்கி எந்திரிச்சு நிதானமா வாரேன், மத்தியானம் வந்து சாப்பிடுதோம்" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அம்மா முதலில் முகம் வாடுவார்கள். பிள்ளை தூக்கத்தில் ஓட்டி வரவேண்டும் என்று எந்த அம்மாவும் கேட்டதில்லை, ராத்திரி முழுக்க நீங்கள் விழித்துத்தான் வருகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நல்ல நேரம் அடுப்புக்குப் பார்த்தது. அதை ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவரின் கெடுவாக நாம்தான் மாற்றிக்கொண்டோம்.

வேளச்சேரி வாசகர்: பெருங்களத்தூர் நெரிசலில் சிக்காமல் வெளியே போக வழி உண்டா?

பதில்: உங்கள் பக்கத்திலிருந்து ஜிஎஸ்டி ரோட்டுக்கே வர வேண்டாம். கேளம்பாக்கம், திருப்போரூர் போய் அங்கிருந்து செங்கல்பட்டு ரோட்டைப் பிடித்தால் பரனூர் டோல்கேட்டுக்கு அப்பால் போய்ச் சேர்வீர்கள். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30-ல் புதிய பஸ் நிலையம் திறந்த பிறகு வண்டலூர், ஊரப்பாக்கம் பகுதியில் பண்டிகை நேரத்து பஸ் கூட்டம் அதிகம், அதைத் தவிர்க்கவும் இந்த வழி நல்லது. தாம்பரத்துக்கு மேற்கே இருப்பவர்கள் காஞ்சிபுரம், வந்தவாசி வழியாகத் திண்டிவனம் போகலாம். தூரம் கூடும், ரோடும் குறுகல், ஆனால் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். சிதம்பரம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் போகிறவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கவே இருக்கிறது.

திரும்பி வருவதைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். போகும்போது கூட்டம் இரண்டு மூன்று நாளில் பிரிந்து போகும். வரும்போது லீவு முடிகிற நாள் சாயங்காலம் மொத்தக் கூட்டமும் ஒன்றாக வரும். அன்று விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் வீடு சேருங்கள், இல்லை ஒரு நாள் கூட இருந்துவிட்டு வாருங்கள். பள்ளிக்கு ஒரு நாள் போகாவிட்டால் ஒன்றும் ஆகாது.

பெங்களூருவிலிருந்து ஒரு வாசகர்: முதல் முறையாக மதுரைக்கு நானே ஓட்டப்போகிறேன். எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: தொப்பூர். தருமபுரி தாண்டி சேலத்தை நோக்கி இறங்குகிற அந்தக் கணவாயில் நீளமான இறக்கம் இருக்கிறது. கார்களைவிடச் சுமை லாரிகள்தான் அங்கே ஆபத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். முன்னால் லாரி, பின்னால் லாரி, நடுவில் நீங்கள் என்று மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். நீங்களும் மூன்றாவது கியரில் இறங்குங்கள், நியூட்ரல் கூடவே கூடாது. பகலில் கடப்பதுபோலக் கிளம்பும் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டை வாசகி: என் 6 வயது மகன் கார் ஏறி ஒரு மணி நேரத்தில் வாந்தி எடுக்கிறான். நாலு பேர் நாலு வைத்தியம் சொல்கிறார்கள்.

பதில்: அவன் வயிற்றில் கோளாறு இல்லை. வண்டி அசைகிறது என்று காதுக்குள் இருக்கிற உறுப்பு சொல்கிறது, குனிந்து போன் பார்க்கிற கண் அசையவில்லை என்று சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். அதனால் முதல் வேலை போனை வாங்கி வைப்பது. முன் கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற மாதிரி சற்று உயரமான குழந்தை இருக்கையில் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போடுங்கள். முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது வேண்டவே வேண்டாம், திடீர் பிரேக்கில் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கை தாங்காது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்திலும் இருக்கிறது.

கிளம்பும் முன் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, நெய்ப் பொங்கலும் பூரியும் கூடாது. காருக்குள் வாசனை டப்பா இருந்தால் எடுத்துவிடுங்கள், சில குழந்தைகளுக்குக் குமட்ட அந்த வாசனையே போதும். மாத்திரை கொடுப்பதானால் குழந்தை மருத்துவரைக் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும், வாந்தி வந்த பிறகு கொடுத்துப் பலன் இல்லை. இந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவைக்கும், ஓட்டுகிறவர் எக்காரணம் கொண்டும் போடக்கூடாது.

அம்பத்தூர் வாசகர்: ஃபாஸ்டேக் வருட பாஸ் வாங்கினால் லாபமா?

பதில்: ஊர் தூரமாக இருந்தால் லாபம். 2025 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியபோது 3,000 ரூபாய், 200 முறை கடக்கலாம் அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. ஒரு டோலுக்கு 15 ரூபாய் கணக்கு வருகிறது. பரனூரில் ஆரம்பித்து ஆத்தூர், விக்கிரவாண்டி என்று திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் பத்துக்கு மேல் டோல்கேட், போக வர என்றால் இருபதுக்கு மேல். வருடத்தில் பொங்கல், சித்திரைத் திருவிழா, தீபாவளி என்று மூன்று முறை போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். சொந்த உபயோகக் காருக்கு மட்டும்தான், தேசிய நெடுஞ்சாலை டோலுக்கு மட்டும்தான், மாநில அரசு சாலைகளில் செல்லாது. பாஸ் இல்லாதவர்கள் கிளம்புகிற முந்தின நாளே டேக்கில் பணம் இருக்கிறதா, கேஒய்சி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 15-ல் வந்த விதிப்படி, டேக் செல்லாமல் போனால் ரொக்கமாக இரண்டு மடங்கு, யுபிஐ என்றால் ஒன்றேகால் மடங்கு கட்ட வேண்டியிருந்தது.

திருவான்மியூர் வாசகி: அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை இருக்கிறது, இன்சுலின் போடுகிறார். அம்மாவும் நானும் போகும் வழியில் பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. போன முறை ஊருக்குப் போய் மூன்று நாள் நீர்க்கடுப்பில் கிடந்தோம்.

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது அநேகமாக எல்லா வீட்டிலும் நடக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை. நம் வீட்டுப் பெண்கள் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைக்கிறார்கள். எங்கே நிறுத்துவது என்பதை ஓட்டுகிற ஆண் முடிவு செய்கிறார், அவருக்கு டீ தோன்றும்போது நிறுத்துகிறார், அவருக்கு ஒரு மரம் போதும். இதை மாற்றுங்கள். கிளம்பும் முன்பே நிறுத்தும் இடங்களை உங்கள் அம்மா சொல்லட்டும், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு இடம், ஓட்டுகிறவர் அதற்குக் கட்டுப்படட்டும். குடும்பங்கள் நிறைய நிற்கிற பெரிய ஹோட்டல்களில் கழிப்பறை ஓரளவு சுத்தமாக இருக்கும், பெட்ரோல் போடுகிற பங்கில் கேட்டால் சாவி தருவார்கள், டோல்கேட் பக்கத்திலும் உண்டு. சோப்பு, ஒரு சின்ன மக், டிஷ்யூ எல்லாம் ஒரு பையில் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். அடிக்கடி நிறுத்தினால் ஓட்டுகிறவருக்கும் நல்லது.

அப்பாவுக்கு: சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது. "இன்னும் அரை மணியில் நல்ல ஹோட்டல் வரும்" என்று இழுக்கிற அந்த அரை மணியில்தான் சர்க்கரை இறங்கும். கையில் இட்லி, சப்பாத்தி ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தேடாதீர்கள், சாப்பாடு கண்ணெதிரே வந்த பிறகு, மருத்துவர் சொன்ன இடைவெளியைப் பார்த்துப் போடுங்கள். வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு தெரிந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்யுங்கள். இன்சுலினை டாஷ்போர்டிலோ டிக்கியிலோ வைக்காதீர்கள், வெயிலில் நிற்கிற கார் அடுப்பு மாதிரி. ஐஸ் கட்டியில் நேராகப் படவும் கூடாது, துணியில் சுற்றிக் குளிர்ந்த பையில், நிறுத்தும்போது கையோடு இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் இறங்கி ஐந்து நிமிடம் நடக்கட்டும், காலில் ரத்தம் தேங்கக் கூடாது.

மடிப்பாக்கம் வாசகர்: வரும்போது ஊரிலிருந்து அரிசி மூட்டை, தேங்காய், வாழைத்தார் எல்லாம் ஏற்றி அனுப்புகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. காருக்குக் கெடுதலா?

பதில்: வேண்டாம் என்று சொல்லாதீர்கள், எப்படி ஏற்றுவது என்று மட்டும் பாருங்கள். அரிசி மூட்டை டிக்கியின் அடியில், பின்சீட்டின் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். தேங்காயைச் சாக்கில் கட்டிப் போடுங்கள், தனியாக உருளவிட்டால் பிரேக் அடிக்கும்போது தலைக்கு மேலே பறந்து வரும். பின் கண்ணாடி மறையும் அளவுக்கு அடுக்காதீர்கள்.

டயர் காற்று முக்கியம். ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், முழுப் பாரத்துக்கு எவ்வளவு காற்று என்று தனியாகவே போட்டிருப்பார்கள். காலையில் டயர் ஆறியிருக்கும்போது அதைப் பார்த்துப் பிடியுங்கள். பாரம் ஏறி, காற்றும் குறைவாக இருந்தால் டயர் சூடாகி வெடிக்கும். டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம் செய்தது. உங்கள் டயர் ஆறேழு வருடம் ஆனதென்றால், பட்டன் தேயாமல் இருந்தாலும் கிளம்பும் முன் டயர் கடையில் காட்டிவிடுங்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பின்னால் பாரம் ஏறினால் கார் பின்பக்கம் தாழ்ந்து, முன் விளக்கு மேலே தூக்கிக்கொள்ளும், லோ பீமில் போனாலும் எதிரே வருகிறவர் கண் கூசும். ஸ்டியரிங்குக்குக் கீழே 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னத் திருகு பல கார்களில் இருக்கிறது. பாரத்துக்குத் தகுந்தபடி அதைத் திருப்பி விளக்கை இறக்கிக்கொள்ளலாம்.

திண்டுக்கல் வாசகர்: நான் வருடா வருடம் பழநிக்கு நடக்கிறவன். கார்க்காரர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் ஐயா.

பதில்: கட்டாயம் சொல்கிறேன். பொங்கலை ஒட்டித் தைப்பூசம் வருகிறது. குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடி, சுற்று மாவட்டங்களிலிருந்து பச்சையும் காவியும் கட்டிய கூட்டம், திருச்செந்தூருக்கு ஒரு கூட்டம், மேல்மருவத்தூருக்குச் செவ்வாடைக் கூட்டம், எல்லாரும் வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் நடக்கிறார்கள். வயதானவர்கள், கைக்குழந்தையோடு பெண்கள், வெறுங்கால். கார் ஓட்டுகிறவர்களே, அந்த நேரத்தில் இடது ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள், ஒருவர் தெரிந்தால் பின்னால் ஐம்பது பேர் வருகிறார்கள் என்று வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஹாரன் அடித்து மிரள வைக்காதீர்கள். பனி மூடியிருந்தால் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் பின்விளக்கில்லாமல் போகும், அதையும் மனதில் வையுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், கூட்டத்தின் முன்னும் பின்னும் ஒருவர் டார்ச் பிடிக்கட்டும், களைப்பாக இருந்தாலும் ரோட்டின் ஓரத்தில் துண்டு விரித்துப் படுக்கவே படுக்காதீர்கள்.

ஆவடி வாசகர்: வழியில் விபத்தைப் பார்த்தால் நிறுத்தலாமா? போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமா?

பதில்: நிறுத்துங்கள். உங்கள் காரைப் பாதுகாப்பாகத் தள்ளி நிறுத்திவிட்டு 108-க்குப் பேசுங்கள், தேசிய நெடுஞ்சாலையில் 1033-ம் உண்டு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்கிறவரைக் காக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. காசு இல்லையே என்று யாரும் தயங்கவும் வேண்டாம். 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கிற விபத்துக்கு, வெளி மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. 2021 டிசம்பர் 18-ல் அது தொடங்கப்பட்டதே உங்கள் வழியில் இருக்கிற மேல்மருவத்தூரில்தான்.

போரூர் வாசகி: பத்து மணி நேரமும் பிள்ளைகள் போனையே பார்க்கிறார்கள். வழியில் அவர்களுக்குக் காட்ட என்ன இருக்கிறது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, தாண்டியதும் பாலாற்றுப் பாலம். ஆறு முழுக்க மணலாக ஏன் இருக்கிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். படாளம் பக்கம் திரும்பினால் வேடந்தாங்கல், ஜனவரியில் பறவைகள் நிறைந்திருக்கும் காலம், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அப்புறம் மதுராந்தகம் ஏரி. திருச்சியில் முதலில் கொள்ளிடம், அடுத்துக் காவிரி, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தீவுதான் ஸ்ரீரங்கம் என்று சொல்லி, 1987-ல் கட்டி முடித்த அந்தப் பதின்மூன்று நிலைக் கோபுரத்தை யார் முதலில் பார்க்கிறார்கள் என்று போட்டி வையுங்கள். மேலூர் தாண்டினால் யானைமலை, படுத்திருக்கிற யானையேதான், என் மகள் நாலு வயதில் அதற்கு டாட்டா காட்டினாள். ஜல்லிக்கட்டு பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் பொங்கல் அன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு அடுத்த நாள் அலங்காநல்லூர். அந்த நாட்களில் மதுரையைச் சுற்றி நெரிசல் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

விருதுநகர், சாத்தூர் வந்ததும் மண் கறுப்பாக மாறும். இறங்கி ஒரு கைப்பிடி அள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள், சென்னைப் பிள்ளைகளுக்குக் கரிசல் மண் என்றால் புத்தகத்தில் படித்த வார்த்தைதான். கோவில்பட்டியில் கடலைமிட்டாய், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது, ஊரில் இருக்கிற பாட்டிக்கும் ஒரு பாக்கெட் சேர்த்து வாங்கட்டும். கயத்தாற்றில் கட்டபொம்மன் நினைவிடம், 1799 அக்டோபர் 16-ல் அவரைத் தூக்கிலிட்ட ஊர், பத்து நிமிடம் நின்று போங்கள். அதற்கப்புறம் தாமிரபரணி வந்துவிடும். வடகிழக்கு மழை நன்றாகப் பெய்த வருடமென்றால் தை மாதத்தில் இரு கரையும் பச்சையாக இருக்கும். பாலத்தில் வேகத்தைக் குறைத்து, ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கச் சொல்லுங்கள். அந்தக் காற்று முகத்தில் பட்டதும் பின்சீட்டில் இருக்கிற உங்கள் அம்மா, "ஊர் வந்துட்டு" என்பார்கள்.